கறி என்றால் எந்தக் கறி?

பிள்ளைகளே, இந்தப் பாடம் ஒரு சின்னச் சொல்லைப் பற்றியது. இரண்டே இரண்டு எழுத்து: க, றி. தமிழ் வகுப்புக்கு வருவதற்கு முன்பே இந்தச் சொல் உங்களுக்குத் தெரியும். வீட்டில் தமிழில் கேட்டிருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் கேட்டிருப்பீர்கள். பென்டில் ஹில் கடைத்தெருவில் நடந்தால் சாப்பாட்டுக் கடைப் பலகைகளிலும் பார்க்கலாம்.

“தெரிந்த சொல்தானே, அதற்கு ஒரு பாடமா?” என்று நினைக்கிறீர்களா? முதலில் கீழே இருக்கிற உரையாடலை வாசியுங்கோ. இரண்டு பேராகச் சேர்ந்து சத்தமாக வாசித்தால் இன்னும் நல்லது.

1. உரையாடல்

(சனிக்கிழமை தமிழ் வகுப்பு. இடைவேளை நேரம். இரண்டு பிள்ளைகள் கதைக்கிறார்கள். ஒருவருடைய குடும்பம் மதுரையில் இருந்து வந்தது. மற்றவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தது.)

மதுரைப் பிள்ளை: நாளைக்கு எங்க வீட்ல கறி! அப்பா காலையிலேயே போய் எடுத்துட்டு வருவாரு.

யாழ்ப்பாணப் பிள்ளை: எங்கட வீட்டில ஒவ்வொரு நாளும் கறிதான்.

மதுரைப் பிள்ளை: தினமுமா? நேத்து வெள்ளிக்கிழமையாச்சே. வெள்ளிக்கிழமை சைவம்னு சொன்னியே?

யாழ்ப்பாணப் பிள்ளை: ஓம், நேற்று சைவம்தான். அம்மம்மா மூண்டு கறி வைச்சவா.

மதுரைப் பிள்ளை: சைவம்னா எப்படிக் கறி சாப்பிடுவ?

யாழ்ப்பாணப் பிள்ளை: பூசணிக்காய்க் கறி, பருப்புக் கறி, கத்தரிக்காய்க் கறி. கறி இல்லாமல் எப்பிடிச் சோறு சாப்பிடுறது?

மதுரைப் பிள்ளை: அதெல்லாம் கறியே இல்ல. கறின்னா ஆட்டுக்கறி, கோழிக்கறி.

யாழ்ப்பாணப் பிள்ளை: அது இறைச்சி!

யார் சொல்வது சரி? கொஞ்சம் யோசியுங்கோ. பிறகு அடுத்த பகுதிக்குப் போங்கோ.

2. ஒரு சொல், மூன்று பொருள்

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். இரண்டு பேரும் தங்கள் வீட்டுத் தமிழைச் சரியாகத்தான் பேசுகிறார்கள். ‘கறி’ என்ற சொல்லுக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறது.

யாழ்ப்பாணத்திலும் இலங்கையின் மற்றத் தமிழ் ஊர்களிலும்: சோற்றோடு, புட்டோடு, இடியப்பத்தோடு சேர்த்துச் சாப்பிடச் சமைப்பது கறி. அது மரக்கறியாக இருக்கலாம், மீனாக இருக்கலாம், இறைச்சியாகவும் இருக்கலாம். அதனால்தான் அங்கே “இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்பார்கள். “கறி” என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தக் கறி என்றும் சொல்லவேண்டும். காய்களுக்கு அங்கே மரக்கறி என்று பெயர். “நான் மரக்கறி” என்று ஒருவர் சொன்னால், அவர் மீனும் இறைச்சியும் சாப்பிட மாட்டார் என்று பொருள்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில்: கறி என்றால் இறைச்சி. “கறி எடுக்கப் போறேன்” என்றால் இறைச்சி வாங்கப் போகிறேன் என்று பொருள். இறைச்சி விற்கிற கடை கறிக்கடை. இறைச்சி போட்ட குழம்பு கறிக்குழம்பு. அந்த வீடுகளில் கத்தரிக்காயைச் சமைத்தால் அது கூட்டு, பொரியல் அல்லது குழம்பு. அதற்குக் கறி என்று பெயர் இல்லை.

தமிழ்நாட்டில் சில சைவ வீடுகளில்: காயை வதக்கித் தாளித்து வைப்பதற்குக் கறி என்று பெயர். வாழைக்காய்க் கறி, உருளைக்கிழங்குக் கறி என்று சொல்வார்கள். ஐயங்கார் வீடுகளில் இதையே ‘கறியமுது’ என்பார்கள். அந்த வீட்டுச் சமையலறைக்குள் இறைச்சி வருவதே இல்லை. ஆனால் கறி தினமும் வரும்!

இப்போது இந்தப் பழமொழியைப் பாருங்கோ: “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.” ஏட்டில் சுரைக்காய் என்று எழுதிவைத்தால் அதை வெட்டிச் சமைக்க முடியாது. புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது, செய்து பழகவேண்டும் என்பது இதன் கருத்து. இந்தப் பழமொழி தமிழ்நாட்டிலும் இருக்கிறது, இலங்கையிலும் இருக்கிறது. இதில் கறி என்றால் என்ன? சுரைக்காயை வைத்துச் சமைக்கிற கறி. அப்படியென்றால், மதுரைப் பிள்ளையின் தாத்தா பாட்டிக்கும் காய்க்கறி தெரிந்த சொல்தான்.

சரி, இது ஏன் முக்கியம்? பென்டில் ஹில்லிலும் பக்கத்து ஊர்களான வென்ட்வொர்த்வில், டூங்காபி போன்ற இடங்களிலும் நாங்கள் எல்லோரும் கலந்து இருக்கிறோம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, சென்னை, கோயம்புத்தூர் என்று பல ஊர்த் தமிழ் ஒரே வகுப்பில் கேட்கிறது. ஒரு சைவப் பிள்ளையை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கோ. “கறி இருக்கு, சாப்பிடு” என்று நீங்கள் அன்பாகச் சொல்கிறீர்கள். அந்தப் பிள்ளை பயந்து, ஒன்றும் வேண்டாம் என்று பசியோடு இருக்கலாம். இன்னொரு வீட்டில் “கறி” என்று கேட்டு ஆசையாக உட்கார்ந்தவருக்குப் பூசணிக்காய் வரலாம்!

அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. “அது கறி இல்லை” என்று சொல்லாதீர்கள். “உங்கள் வீட்டில் கறி என்றால் என்ன?” என்று கேளுங்கள். இந்தக் கேள்வி கறிக்கு மட்டும் இல்லை. பொரியலுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் பொரியல் என்றால் காயைத் தாளித்து வதக்குவது. யாழ்ப்பாணத்தில் பொரியல் என்றால் எண்ணெயில் பொரித்து எடுப்பது.

3. மிளகுக்குப் பெயர் கறி

இப்போது நாங்கள் ஏறத்தாழ 2000 வருசம் பின்னால் போகப் போகிறோம். அது சங்க காலம். அந்தக் காலத்துப் பாடல்களில் ‘கறி’ என்ற சொல் வருகிறது. பல இடங்களில் அதன் பொருள் மிளகு!

மிளகுக் கொடி மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிறது. அந்த மலைக்கு மேற்கே, இப்போது கேரளமாக இருக்கிற கடற்கரையில், முசிறி என்று ஒரு துறைமுகம் இருந்தது. யவனர்கள், அதாவது கிரேக்க, ரோம நாட்டு வணிகர்கள், அங்கே கப்பலில் வந்தார்கள். அவர்கள் பொன்னைக் கொடுத்துவிட்டுக் கறியை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. அந்தக் கறி சட்டியில் இருந்த கறி இல்லை, மிளகு மூட்டை! சோழர்களின் துறைமுகமான காவிரிப்பூம்பட்டினத்திலும் மிளகு மூட்டைகள் இருந்ததைப் பட்டினப்பாலை என்ற நூல் சொல்கிறது. அங்கேயும் மிளகுக்குப் பெயர் கறிதான்.

பாட்டில் இருப்பது உண்மையாக நடந்ததா? எகிப்து நாட்டில் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் அங்கே ஒரு கோயிலைத் தோண்டியபோது, இந்தியாவில் செய்த பெரிய சாடி ஒன்று கிடைத்தது. அதற்குள் 7 கிலோவுக்கும் கூடுதலான மிளகு இருந்தது. ஏறத்தாழ 2000 வருசமாக யாரும் சமைக்காத மிளகு!

அந்தக் காலத்தில் சாப்பாட்டுக்கு உறைப்பு எங்கே இருந்து வந்தது? மிளகாயில் இருந்தா? இல்லை. அப்போது மிளகாய் எங்கள் நாடுகளில் இல்லவே இல்லை. மிளகாயின் சொந்த ஊர் அமெரிக்கா. 1498இல் வாஸ்கோ ட காமா என்ற போர்த்துக்கேய மாலுமி கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் போர்த்துக்கேயர்கள் மிளகாயைக் கொண்டுவந்தார்கள். அந்தப் புதிய காயைப் பார்த்த எங்கள் ஆட்கள் என்ன பெயர் வைத்தார்கள்? மிளகு மாதிரி உறைக்கிற காய். மிளகு + காய் = மிளகாய். மிளகாய் என்ற பெயருக்குள்ளேயே மிளகு ஒளிந்திருக்கிறது.

சரி, மிளகைக் குறித்த சொல் எப்படிச் சமைத்த கறியையும் குறித்தது? மிளகு போட்டுச் சமைத்த உணவுக்கும் மிளகின் பெயரே வந்தது என்பது ஒரு விளக்கம். இன்னொரு விளக்கமும் இருக்கிறது. பழைய தமிழில் ‘கறித்தல்’ என்றால் கடித்துத் தின்னுதல். கடித்துத் தின்பது கறி என்று ஆனது என்பார்கள். புறநானூற்றின் 14ஆம் பாடலில் ஊனும் துவையலும் கறியும் சோறும் சேர்ந்த விருந்து வருகிறது. ஆகவே, சோற்றோடு கறி சாப்பிடுகிற பழக்கமும் சங்க காலத்திலேயே இருந்தது. நீங்கள் நேற்று இரவு சாப்பிட்டது ஒரு பழைய பாட்டில் இருக்கிறது!

4. கறி கப்பல் ஏறியது

போர்த்துக்கேயர்கள் எங்கள் கறியைச் சாப்பிட்டார்கள். தங்கள் மொழியில் அதைக் ‘கரில்’ என்று எழுதினார்கள். பிறகு ஆங்கிலேயர்கள் வந்தார்கள். 1639இல் அவர்களுக்குச் சென்னையில் கோட்டை கட்ட இடம் கிடைத்தது. அவர்களுடைய மொழிக்கும் கறி போனது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்கிற ஆங்கிலச் சொல் இப்படித்தான் பிறந்தது.

1747இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் என்ற பெண் ஒரு சமையல் புத்தகம் எழுதினார். ஆங்கிலத்தில் அச்சான கறிச் செய்முறைகளில் மிகப் பழையது அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் என்ன போட்டார் தெரியுமா? கோழி அல்லது முயல் இறைச்சி, வெங்காயம், 30 மிளகு, கொஞ்சம் அரிசி, வறுத்து இடித்த மல்லி. மல்லியை எதில் வறுக்கச் சொன்னார்? கழுவிய மண்வாரியில்! அந்தக் கறியில் மிளகாய் இல்லை. உறைப்பு மிளகில் இருந்துதான் வந்தது. ‘கறி’யின் பழைய பொருள் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவருடைய கறியில் மிளகு இருந்தது.

பிறகு அந்தச் சொல் இன்னும் தூரம் போனது.

ஜப்பான்: ஆங்கிலேயர்களிடம் இருந்து ஜப்பான்காரர்கள் கறியைக் கற்றார்கள். அவர்கள் அதைக் ‘கரே’ என்று சொல்கிறார்கள். ஜப்பான் கடற்படைக் கப்பல்களில் வெள்ளிக்கிழமை கறிச் சாப்பாடு.

தென்னாப்பிரிக்கா: டர்பன் நகரத்தில் பாணின் நடுவைத் தோண்டி எடுத்து, அதற்குள் கறியை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அதற்குப் ‘பன்னி சௌ’ என்று பெயர்.

ஆஸ்திரேலியா: தாஸ்மேனியாவில் ஹோபார்ட் நகரத்துக்குப் போனால் மலைச்சரிவைப் பாருங்கோ. வெள்ளைக் கற்களை அடுக்கி, ‘கீன்ஸ் கறி’ என்று பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுதியிருக்கிறது. அது தாஸ்மேனியாவில் தொடங்கிய ஒரு கறித்தூளின் விளம்பரம். நூறு வருசத்துக்கு மேலாக அங்கே இருக்கிறது. உங்கள் அம்மம்மாவின் சொல் ஓர் ஆஸ்திரேலிய மலையிலும் இருக்கிறது!

தெரியுமா?
கறி மட்டும் போகவில்லை. மிளகுத்தண்ணி என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போய் ‘மல்லிகடானி’ என்ற சூப் ஆனது. கட்டுமரம் போய் ‘கட்டமரான்’ ஆனது. பரமட்டா ஆற்றில் ஓடுகிற பயணிகள் படகு அந்த வகைப் படகுதான். அடுத்த முறை அதில் ஏறும்போது, ஒரு தமிழ்ச் சொல்லில் ஏறுகிறீர்கள் என்று நினையுங்கோ.

5. மலை மலை மலை

இப்போது எங்கள் ஊர்ப் பெயரைப் பார்ப்போம். நாங்கள் இருப்பது டாருக் மக்களின் நிலம். ஆனால் ‘பென்டில் ஹில்’ என்ற பெயர் இங்கிலாந்தில் இருந்து வந்தது. அங்கே லங்காஷயர் என்ற இடத்தில் அதே பெயரில் ஒரு மலை இருக்கிறது.

மிகப் பழைய காலத்தில் அங்கே வாழ்ந்தவர்கள் அந்த மலையைப் ‘பென்’ என்று சொன்னார்கள். அவர்கள் மொழியில் பென் என்றால் மலை. பிறகு வேறு மொழி பேசுகிறவர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பென் என்றால் என்ன என்று தெரியாது. அது மலையின் பெயர் என்று நினைத்து, மலை என்ற தங்கள் சொல்லான ‘ஹில்’லைச் சேர்த்தார்கள். பென்ஹில் என்பது மெல்ல மெல்லப் பென்டில் ஆனது. இன்னும் பல வருசம் போனது. பென்டில் என்றாலும் என்ன என்று மறந்துபோனது. மறுபடியும் ஒரு ‘ஹில்’ சேர்ந்தது.

ஆகவே, பென்டில் ஹில் என்றால் ‘மலை மலை மலை’!

சிரிப்பாக இருக்கிறதா? ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. ஒரு சொல்லின் பொருள் மறந்துபோனால், சொல் வெறும் சத்தமாக நின்றுவிடும். அந்தச் சத்தத்தை மட்டும் நாங்கள் சொல்லிக்கொண்டு இருப்போம்.

6. கறி வீட்டுக்குத் திரும்பி வந்தது

கறி ஆங்கிலத்துக்குப் போனபோது அதன் பொருள் மாறியது. ஆங்கிலத்தில் அது ஒரு பெரிய கூடை மாதிரி. மசாலா போட்ட எல்லாவற்றையும் அந்த ஒரே கூடைக்குள் போடுகிறார்கள். தாய்லாந்துச் சாப்பாடும் கறி, பஞ்சாபிச் சாப்பாடும் கறி, யாழ்ப்பாணச் சாப்பாடும் கறி. ‘கறி’ என்று ஒரு தனி மசாலாப் பொருள் இருக்கிறது என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை. கறித்தூள் என்பது ஒரு கலவை. யாழ்ப்பாணத்துத் தூளில் செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மிளகு எல்லாவற்றையும் வறுத்து இடிப்பார்கள். வீட்டுக்கு வீடு அளவு மாறும்.

இப்போது அந்த ஆங்கிலக் கறி எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில் ஐந்து சட்டி இருக்கும். “எனக்கு அந்தக் கறி வேண்டாம், இந்தக் கறி வேணும்” என்று விரலைக் காட்டிச் சொல்கிறோம். ஆனால் அந்த ஐந்து சட்டிக்கும் ஐந்து பெயர் இருக்கிறது:

குழம்பு: புளி, தூள் போட்டுக் கொதிக்கவைத்தது. சோற்றில் ஊற்றிக் குழைக்கலாம்.
சொதி: தேங்காய்ப்பாலில் தண்ணீராக வைப்பது. இடியப்பத்துக்கு இது இல்லாமல் முடியாது.
பால்கறி: தூள் போடாமல் தேங்காய்ப்பால் விட்டு வைப்பது. வெள்ளைக்கறி என்றும் சொல்வார்கள்.
பிரட்டல்: தண்ணீர் வற்றும்வரை பிரட்டி எடுப்பது.
வறை: கீரையையோ மீனையோ தேங்காய்ப்பூவோடு வறுப்பது.

தமிழ்நாட்டு வீடுகளில் கூட்டு, பொரியல், வறுவல், மசியல் என்று இன்னொரு வரிசை இருக்கிறது.

நாங்கள் எல்லாவற்றையும் ‘கறி’ என்று சொன்னால் என்ன நடக்கும்? முதலில் வறை என்ற சொல்லை மறப்போம். பெயர் தெரியாததைக் கேட்டு வாங்க முடியாது. எப்படிச் செய்வது என்று கேட்கவும் முடியாது. அம்மம்மாவிடம், அப்பம்மாவிடம், பாட்டியிடம் அந்தச் சொற்கள் இப்போது இருக்கின்றன. நாங்கள் கேட்டு எடுத்துவைக்காவிட்டால், எங்களுக்கு மிஞ்சுவது மலை மலை மலை மாதிரிக் கறி கறி கறிதான்.

ஆங்கிலத்தில் பேசும்போது ‘கறி’ என்று சொல்லுங்கோ. அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வீட்டில் தமிழில் பேசும்போது சட்டிக்குச் சட்டி அதன் பெயரைச் சொல்லுங்கோ.

7. யாராவது கிண்டல் செய்தால்

இந்தப் பகுதியைப் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து வாசியுங்கோ.

சில பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது, “கறி மணக்குது” என்று யாராவது மூக்கைப் பொத்திக் காட்டுவார்கள். சிலர் ‘கறி’ என்பதையே ஒரு பட்டப்பெயர் மாதிரிச் சொல்வார்கள். அது நோகும். நோகிறது என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். அடுத்த நாள் “எனக்குப் பாணும் ஜாமும் போதும்” என்று அம்மாவிடம் சொல்லத் தோன்றலாம். பாண் பிடித்தால் பாணைக் கொண்டுபோங்கோ. ஆனால் பயத்தால் கறியை விடவேண்டாம்.

என்ன செய்யலாம்?

அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம். “இதுக்குப் பெயர் கத்தரிக்காய்ப் பிரட்டல். ‘கறி’ எங்கட மொழிச் சொல். அதை ஆங்கிலம் எங்களிட்ட இருந்துதான் எடுத்தது” என்று சொல்லிப் பாருங்கோ. சிலர் ஒரு வாய் கேட்பார்கள்!

திரும்பத் திரும்பச் செய்தால் அது விளையாட்டு இல்லை. ஆசிரியரிடமும் வீட்டிலும் சொல்லுங்கோ. அது கோள் சொல்வது ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. வேறு ஒரு பிள்ளையின் பெட்டியில் உங்களுக்குத் தெரியாத சாப்பாடு இருந்தால், நீங்கள் மூக்கைப் பொத்தாதீர்கள். “இதுக்கு உங்கட வீட்டில என்ன பெயர்?” என்று கேளுங்கோ.

8. எழுத்தும் இலக்கணமும்

அ) ற, ர கவனம்

கறி: சமைத்த உணவு, இறைச்சி, மிளகு (பழைய தமிழில்).
கரி: விறகு எரிந்த பிறகு கிடைக்கிற கறுப்புப் பொருள்.

“அம்மா கரி சமைத்தார்” என்று எழுதினால், அம்மாவுக்குக் கோபம் வரும்!

ஆ) கறிவேப்பிலை

கறி + வேப்பிலை = கறிவேப்பிலை. வேப்பிலை மாதிரி இருக்கும், ஆனால் கறிக்குப் போடலாம். பேச்சில் ‘கருவேப்பிலை’ என்று பலர் சொல்வார்கள். எழுதும்போது ‘கறி’ என்று எழுதினால்தான் பொருள் விளங்கும். இந்தச் செடி வேப்ப மரத்துக்குச் சொந்தம் இல்லை. அது தோடை, எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சாப்பிடும்போது அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறோம், இல்லையா? அதனால், ஒருவரைத் தேவைக்குப் பயன்படுத்திவிட்டுப் பிறகு மறப்பதை “கறிவேப்பிலை மாதிரித் தூக்கி எறிந்துவிட்டார்கள்” என்று சொல்வோம்.

இ) சொற்கள் சேரும்போது

கோழி + கறி = கோழிக்கறி
ஆடு + கறி = ஆட்டுக்கறி
மரம் + கறி = மரக்கறி
கத்தரிக்காய் + கறி = கத்தரிக்காய்க் கறி

இவற்றில் நடுவில் ‘க்’ வருகிறது. ஆனால் இதைப் பாருங்கோ:

காய் + கறி = காய்கறி

இங்கே ‘க்’ வரவில்லை. ஏன்? காய்கறி என்றால் ‘காயும் கறியும்’. நடுவில் ‘உம்’ மறைந்திருக்கிறது. இதற்கு உம்மைத்தொகை என்று பெயர். உம்மைத்தொகையில் ‘க்’ வராது. ‘காய்க்கறி’ என்று எழுதினால், காயால் செய்த கறி என்று பொருள் மாறிவிடும். ஒரு புள்ளி எழுத்து ஒரு சாப்பாட்டையே மாற்றுகிறது!

9. சொல் விளக்கம்

உறைப்பு: காரம்
யவனர்: கிரேக்க, ரோம நாட்டவர்
மாலுமி: கப்பல் ஓட்டுபவர்
ஊன்: இறைச்சி
மல்லி: கொத்தமல்லி விதை
பாண்: ரொட்டி, பிரெட் (இலங்கை வழக்கு)
செத்தல் மிளகாய்: காய்ந்த மிளகாய், வரமிளகாய்
பெருஞ்சீரகம்: சோம்பு
கோள் சொல்வது: ஒருவரை மாட்டிவிடுவதற்காக அவரைப் பற்றிச் சொல்வது

10. பயிற்சி

அ) விடை எழுதுக.
1. யாழ்ப்பாணத்தில் “இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்டால், எதைக் கேட்கிறார்கள்?
2. முசிறிக்கு வந்த யவனர்கள் எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள்?
3. மிளகாய் வருவதற்கு முன் உறைப்புக்கு என்ன போட்டார்கள்?
4. பென்டில் ஹில் என்ற பெயரில் ‘மலை’ எத்தனை தரம் வருகிறது? ஏன்?

ஆ) சேர்த்து எழுதுக.
1. மிளகு + காய்
2. சைவம் + கறி
3. மீன் + கறி
4. பருப்பு + கறி

இ) சரியான சொல்லை எடுத்து எழுதுக.
1. மண்சட்டியின் அடியில் (கறி / கரி) பிடித்திருந்தது.
2. கடையில் (காய்கறி / காய்க்கறி) வாங்கினோம்.
3. சுரைக்காயைப் படத்தில் வரைந்தால் (கறிக்கு / கரிக்கு) உதவாது.

ஈ) பேசுக.
இரண்டு பேராகச் சேருங்கள். பாடத்தின் முதலில் உள்ள உரையாடலைத் தொடர்ந்து பேசுங்கள். இந்த முறை ஒருவர் மற்றவரிடம் “உங்கட வீட்டில கறி எண்டால் என்ன?” அல்லது “உங்க வீட்ல கறின்னா என்ன?” என்று கேட்கவேண்டும். உங்கள் வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ, அப்படியே பேசுங்கள்.

11. வீட்டுவேலை

இந்தக் கிழமை ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன், மேசையில் இருக்கிற ஒவ்வொரு சட்டியின் பெயரையும் கேட்டு எழுதுங்கோ. ‘கறி’ என்று மட்டும் எழுதக்கூடாது. என்ன காய் அல்லது இறைச்சி, எப்படிச் சமைத்தது என்று இரண்டும் வரவேண்டும். உதாரணம்: முருங்கையிலை வறை, உருளைக்கிழங்குப் பிரட்டல்.

பிறகு அம்மம்மா, அப்பம்மா, தாத்தா, பாட்டி, யாராவது ஒருவரோடு கதையுங்கோ. தூரத்தில் இருந்தால் தொலைபேசியில் எடுங்கோ. “நீங்க சின்னப் பிள்ளையா இருக்கேக்க வீட்டில வைச்ச, இப்ப நாங்கள் வைக்காத கறி எது?” என்று கேளுங்கோ. அதன் பெயரை அவர்கள் சொல்கிற மாதிரியே எழுதுங்கோ. எழுத்துப் பிழை வந்தால் பரவாயில்லை, வகுப்பில் திருத்தலாம்.

அடுத்த சனிக்கிழமை எல்லோருடைய பெயர்களையும் பலகையில் எழுதுவோம். எங்கள் வகுப்பில் எத்தனை கறி இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம்.